ஹோல்கரின் பாவசங்கீர்த்தனம்

எண்பத்தைந்தாம் ஆண்டு டென்மார்க்கின் ஸ்கீவ நகருக்கு வந்த நீக்கிலாஸ் சுவாமி, டேனிஷில் பிரசங்கம் வைத்துச் சீக்கிரமே பெயரெடுத்துவிட்டார். அகதியாய் வந்த நம்மாட்களைப் பார்த்துக்கொள்ள மன்னாரிலிருந்து அனுப்பப்பட்ட குரு அவர். கூட வந்த யசிந்தா சிஸ்டர் டேனிஷைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பார். சுவாமி பாடமாக்கி ஒப்புவிப்பார். அர்த்தம் ஆண்டவருக்கும் சிஸ்டருக்கும்தான் தெரியும். ஆனாலும் முன்வரிசைக் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சுவாமிக்குத் தலைக்கனம் ஏறியது அங்கேதான்.

அந்த ஊர் டேனிஷ் பங்குக் குரு ஓல்போர்க் நகருக்குப் போயிருந்த நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. சைக்கிள் கடைக்காரர் ஹோல்கர் சாகக் கிடக்கிறாராம். பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமாம்.

"உங்களுக்கு டேனிஷ் தெரியும்தானே?" தாதி ஆங்கிலத்தில் கேட்டாள்.

தெரியாது என்று சொல்ல ஆங்கிலம் போதும். மனம்தான் வரவில்லை. தெரியும் என்றார்.

ஹோல்கர் பேசினார். மூச்சு வாங்கிவாங்கி நெடுநேரம் பேசினார். எந்த நாட்டுப் பாவமும் குரல் தாழும் இடத்தில்தான் இருக்கும் என்பது சுவாமியின் அனுபவம். ஹோல்கரின் குரல் தாழ்ந்தபோது தானும் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். கிழவர் விம்மினார். சுவாமி பாவமன்னிப்புக் கொடுத்து, ஒரு பரலோகமந்திரம் சொல்ல வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

ஹோல்கர் சாகவில்லை.

சாகாதது மட்டுமல்ல, ஞாயிறுதோறும் பூசைக்கு வந்து சுவாமியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கத் தொடங்கினார். அந்தக் கையை எங்கே வைப்பதென்று சுவாமிக்கு நாள் முழுக்கத் தெரியாது.

"என்ன சுவாமி, மொழி வகுப்புக்கு விழுந்தடிச்சுப் போறியள்? கிழவியள் அழுதது காணாதோ?" என்றார் சிஸ்டர்.

"படிக்கத்தானே வேணும்."

"சைக்கிள் கடைக்காரரைக் கண்டா மட்டும் பின்வாசலாலை ஓடுறியள். சைக்கிள் ஏதும் களவெடுத்தனீங்களோ?"

சுவாமி சிரித்து வைத்தார். சிஸ்டரிடம் மூச்சுவிட முடியுமா? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது ஒரு சொல்லானாலும் வெளியே போகக்கூடாது. அர்த்தம் தெரியாத சொல்லுக்கும் அதே சட்டம்தான்.

பாடமாக்கிப் பழகிய காது வேறு, கேட்டதை விடவில்லை. ஒரு வகுப்பில் 'தம்பி' என்பதற்கான டேனிஷ் சொல் வந்தது. சுவாமி திடுக்கிட்டார், ஹோல்கர் சொன்ன சொல். பிறகு 'பனிக்கட்டி'. பிறகு 'பிடித்த கையை விட்டுவிட்டேன்'. அன்று சுவாமி பாதி வகுப்பில் எழுந்து, நேரே சைக்கிள் கடைக்குப் போனார்.

கேட்டதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. தன்னுடைய பாவத்தை மட்டும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். "அன்றைக்கு எனக்கு உங்கள் மொழி தெரியாது. தெரியும் என்று பொய் சொன்னேன்."

ஹோல்கர் கையிலிருந்த சைக்கிள் ரியூபை மெல்ல வைத்தார். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அப்படியானால், என்னை மன்னித்தது யார்?"

குருமடத்தில் படித்த பதில் லத்தீனில் இருந்தது, தமிழில் இருந்தது. கிழவரின் டேனிஷில் இல்லை.

கிழவர் எழுந்து கடைக் கதவைப் பூட்டினார். இரண்டு முக்காலிகளை இழுத்துப் போட்டார். குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக, அன்று சொன்ன பாவத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி, "விளங்குகிறதா?" என்று கேட்டார்.

விளங்கியது. இல்லை என்று சொன்னால் கிழவர் அதை இன்னொரு தரமும் சொல்ல வேண்டியிருக்கும். சுவாமி ஆமென்று தலையசைத்தார்; கிழவர் மிச்சத்தையும் சொன்னார்.