ஓர்ப்படிகள் படலம்

மளிகை டப்பாக்களில் ஆரம்பித்தது சண்டை. கல்யாணமாகி வந்த புதிதில் சின்ன மருமகள், நல்ல எண்ணத்தோடுதான், சமையலறையில் இருந்த எல்லா டப்பாவுக்கும் பெயர் எழுதி ஒட்டிவிட்டாள். "என் அடுப்படியில எனக்கே வழி காட்டுறியா?" என்றாள் பெரிய மருமகள். "உப்புன்னு நினைச்சு சர்க்கரையைப் போட்டது நானில்லையே அக்கா" என்றாள் சின்னவள். அத்தோடு பேச்சு நின்றது.

வீட்டோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இருவரும் வேலை பார்த்ததும் ஒரே ஆய்வகம். கூட வேலை பார்க்கும் கெட்டிக்காரப் பெண் என்று கொழுந்தனுக்குப் பார்த்துக் கட்டி வைத்ததே பெரியவள்தான். "என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்" என்று கணவனிடம் புலம்பினாள். அவன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

ஆய்வகத்தில் பெரியவள் செய்வது, உலோகத்தையும் கரிமத்தையும் பிணைத்த சிவப்பு நிறச் சேர்மம். வெளிச்சம் பட்டதும் அது ஓர் எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுக்கும். சின்னவள் செய்வது உலோக ஆக்சைடு கொத்துகள். தண்ணீர் போல நிறமே இல்லாத கரைசல். கொடுத்த எலக்ட்ரானை அது வாங்கிக்கொள்ளும். ஒரு கண்ணாடித் தகட்டை இரண்டிலும் மாற்றி மாற்றி முக்கினால் அடுக்கடுக்காக மெல்லிய படலம் படியும். விளக்கைப் போட்டால் அதில் மின்சாரம் ஓட வேண்டும்.

"முக்குறதை மாத்தி மாத்திச் செய்யுங்க. நடுநடுவுல தண்ணியில கழுவுறதை ஒருத்தரே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பேராசிரியை வெளியூர்க் கருத்தரங்குக்கு விமானம் ஏறிவிட்டார்.

பெரியவள் முக்குவாள், தகட்டைத் தாங்கியில் வைப்பாள், வராந்தாவுக்குப் போய்விடுவாள். பிறகுதான் சின்னவள் உள்ளே வருவாள். ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தி இருப்பதில்லை. மின்சாரத்தை அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் 'மீட்டர்' என்றே கூப்பிடுவார்கள். அவர்தான் தூது.

"மீட்டர் சார், அடுத்தது அவங்க முறைன்னு சொல்லுங்க."

"மேடம், அவங்க கதவுக்கு வெளியிலதான் நிக்குறாங்க. கேட்டிருக்கும்."

படலமும் ஒழுங்காக வரவில்லை. திட்டுத்திட்டாகப் படிந்து, விரல் பட்டால் உரிந்து வந்தது. மீட்டர் விளக்கைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். திரையில் கோடு படுத்தே கிடந்தது. "என் மாமனார் மதியம் தூங்குற மாதிரியே இருக்கு" என்றார்.

அடுத்த நாள் காலை சின்னவள் தன் கரைசலைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி போல இருந்தது கலங்கி, இளஞ்சிவப்பாகியிருந்தது. அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. தூதையெல்லாம் மறந்து நேரே பெரியவளிடம் போனாள்.

"உங்க சிவப்பு என் பீக்கர்ல எப்படிக்கா வந்துச்சு?"

"என்னைக் கேட்டா? என்னோடதும்தான் அடியில மண்டி கட்டிக் கிடக்கு. நீ என்ன கலந்தே?"

"நான் ஏன் கலக்கப்போறேன்? கழுவாம வெச்சா ஒட்டியிருக்கிறது வழிஞ்சு வரத்தானே செய்யும்!"

"கழுவுறது நீதானே?"

"நானா? நீங்கதானே!"

மீட்டர் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

இருவரும் நடுவில் இருந்த தண்ணீர்ப் பாத்திரத்தைப் பார்த்தார்கள். ஊற்றி வைத்த தண்ணீர் ஊற்றி வைத்தபடி, ஒரு சொட்டுச் சிவப்புகூட இல்லாமல், பளிங்காக இருந்தது. இத்தனை நாளும் ஒருத்திகூடத் தகட்டை அதில் முக்கவில்லை.

முதலில் சிரித்தது பெரியவள். அடக்கப் பார்த்து, முடியாமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "புரொபசரம்மா வந்து கேட்டா என்னன்னு சொல்றது? நாங்க பேசிக்கிறதில்லைன்னா?"

"வாயைத் திறந்து பேசினா கெமிஸ்ட்ரி எல்லாம் சரியாயிடும்னு சொல்லிடலாம். சரி, புதுசா கரைசல் போடு. நான் தகட்டை எடுக்கிறேன்."

அன்று இருவரும் தோளோடு தோள் நின்று செய்தார்கள். ஒருத்தி முக்கி எடுக்க, இன்னொருத்தி வாங்கிக் கழுவி, காற்றடித்து உலர்த்தினாள். அடுக்கு ஏற ஏற, ஒரே சீரான செம்மஞ்சள் நிறம் கண்ணாடியில் ஏறியது. கசிவில்லை, திட்டில்லை.

மீட்டர் தகட்டைக் கருவியில் பொருத்தி விளக்கைப் போட்டார். கோடு விருட்டென்று மேலே எழுந்தது. அணைத்தார், தொப்பென்று விழுந்தது. பெரியவள் அவரைத் தள்ளிவிட்டுத் தானே சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தாள். "அக்கா, எனக்கும் ஒரு தடவை" என்று சின்னவள் கையை நீட்டினாள்.

"பாத்தியா, என்னோடது எப்படிக் கொடுக்குது!"

"வாங்கிக்க ஆள் இருக்கப்போய்த்தானே கொடுக்குது."

"போடி, வாயாடி" என்று சொல்லிவிட்டு, பெரியவள் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

சாயங்காலம் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். சேர்மத்தில் உலோகத்தை மாற்றினால் நிறம் மாறுமா, படலத்தை வளையும் தாளில் படிய வைக்க முடியுமா என்று ஆரம்பித்த பேச்சு, கொழுந்தனின் குறட்டைக்குத் தாவி, மறுபடி ஆக்சைடுக்கு வந்தது. நடத்துநர் அருகில் வந்து நின்றார்.

"ஏம்மா, நீங்க இறங்க வேண்டிய இடம் எப்பவோ போயிடுச்சே."

இறங்கித் திரும்பி நடந்தார்கள். வீடு நல்ல தூரம்தான். பேசித் தீர்க்க இரண்டு பேருக்கும் அதுவும் போதவில்லை.