குறுக்கே ஒரு கோடு

செப்புத் தகட்டை ஜன்னலோர மேசையில் வைத்து, ஊசியைக் கையில் எடுத்த பிறகும் டீச்சருக்குக் கீற மனம் வரவில்லை. தகட்டில் இருந்தது அவள் கணவரின் முகம். அவர் போய்ச்சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தே அவளுக்குக் காலம் ஓடிவிட்டது. பிள்ளைகளின் கோணல்மாணல் மரங்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் தனக்கென்று தூரிகையைத் தொடுவாள். வண்ண ஓவியங்கள் கேட்பாரற்றுப் பரணில் ஏறின. தகட்டில் கீறி, மை பூசி, அச்செடுக்கப் பழகிய பின்தான் நாலு பேருக்கு அவள் பெயர் தெரிந்தது. அச்சு இயந்திரத்தின் கனத்த சக்கரத்தைச் சுற்றித் தந்ததெல்லாம் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த கணவர்தான். ஒருநாள் அவரையே உட்காரவைத்து வரைந்தாள். "மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போட்டா கொறஞ்சா போயிடுவ?" என்று கேட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் படத்தின் பிரதிகள் அத்தனையும் விற்றுப்போயின. வீட்டுக்கென்று வைத்திருந்ததையும், தன் அக்கா ஆசைப்பட்டாள் என்று அவரே தூக்கிக் கொடுத்துவிட்டார். இனிமேல் பிரதி எடுப்பதில்லை என்று வாங்கியவர்களிடம் சொல்லியாயிற்று. தகட்டில் குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டால், அதன்பின் எடுக்கும் பிரதியிலெல்லாம் அந்தக் கோடும் விழும்; கொடுத்த பேச்சு உறுதியாகும். அவர் நோயில் படுத்ததில் அந்த வேலை தள்ளிப்போயிருந்தது.

மகள் பின்னால் வந்து நின்றாள். "ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடும்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"வாக்கு குடுத்தாச்சு. உங்க அப்பாவும் சேர்ந்துதான் குடுத்தார்."

"அதுக்காக அவர் மூஞ்சியில நீயே கீறுவியா?"

மகள் விருட்டென்று வெளியே போனாள். டீச்சர் ஊசியை அவர் நெற்றியில் ஊன்றினாள். கண்ணோரமாக, கன்னம் தாண்டி, தோள்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். செம்பு கிறீச்சிட்டது. அதன்பிறகுதான் அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தகட்டுக்கு மை பூசினாள். தாளை நனைத்து மேலே விரித்தாள். கோடு விழுந்த தகட்டில் எடுப்பது யாருக்கும் கொடுத்த வாக்கை மீறாது. மகளைக் கூப்பிட்டாள்.

"வந்து சக்கரத்தைச் சுத்து. தனியா என்னால முடியாது."

மகள் முகம் கொடுக்காமல் வந்து சுற்றினாள். இருவருமாக ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தாளை உரித்தெடுத்தார்கள். அப்பா வந்தார். அவர் முகத்தின் குறுக்கே அந்தக் கோடும் கறுப்பாக, தடிப்பாக வந்திருந்தது. மகள் விரலை நீட்டி, ஈர மையைத் தொடாமல், கோட்டின் மேலாகவே நெற்றியிலிருந்து தோள்வரை மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள்.