சமையலறை வாசலிலிருந்து தெரிகிற படம்

முதலில் திரையின் நடுவில் பச்சையாய் ஒரு கோடு விழுந்தது. ஒன்று மூன்றானது. அப்புறம் ஒருநாள் மத்தியானம், ஊசியக்காவின் மாமனார் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டிவி ஒரேயடியாக இருண்டுபோனது. போகட்டும், பதினொரு வருஷம் ஓய்வில்லாமல் உழைத்த டிவி. அவ்வளவு நாள் விடாமல் உழைத்தால் மனுஷருக்கே கோடு விழும்.

ஊசியக்காவுக்கு அது போனதில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வருத்தப்படவும் தெம்பு வேண்டுமே! ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. அதனால்தான் தெருவில் அந்தப் பெயர். காலை ஆறரைக்கு நிற்க ஆரம்பித்தால் மூன்று மணிவரை நின்ற நிலைதான். "உட்காருங்க, கையை நீட்டுங்க, இறுக்கி மூடிக்குங்க" என்று ஒரு நாளைக்கு நூறு பேரை உட்காரவைப்பாள். அவளை உட்காரச் சொல்ல அங்கே ஒரு ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்தால் அடுப்படி. அங்கே மட்டும் என்ன, நாற்காலி போட்டா காத்திருக்கிறார்கள்?

அந்தப் பழைய டிவிக்கும் அவளுக்கும் ஒரு தீராத வழக்கு இருந்தது. கூடத்தில் டிவிக்கு நேர் எதிரே மூன்று பேர் உட்காரும் சோபா. நடுவில் அவள் புருஷன், இரண்டு பக்கமும் இரண்டு மகள்கள். பக்கத்தில் மாமனாரின் சாய்வு நாற்காலி. சமையலறை வாசல் இருப்பது பக்கச் சுவரில், டிவி மாட்டிய சுவரின் மூலையை ஒட்டினாற்போல. கரண்டியும் கையுமாக அந்த வாசல் நிலையில் சாய்ந்து நின்றுதான் ஊசியக்கா பதினொரு வருஷமும் டிவி பார்த்தாள். எந்தப் படம் ஓடினாலும் அவளுக்கு அது சாம்பல் பூசினாற்போலத்தான் இருந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணைப் பார்த்து, பாவம், இந்தப் பெண்ணுக்கு ரத்தமே இல்லை போல என்று தொழில்முறையில் கவலைப்பட்டிருக்கிறாள்.

"ஏங்க, படம் வெளிறிப்போய்த் தெரியுதுங்க" என்பாள்.

"நல்லாத்தானே இருக்கு" என்பார் புருஷன், திரும்பாமலே.

ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, வருஷக்கணக்காக இதே பேச்சு. கடைசியில் "உன் கண்ணைத்தான் காட்டணும்" என்று முடிவுகட்டி, கண் டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். டாக்டர் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். இருந்தாலும் வந்ததற்கு ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் வெளிறிய படம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடி பீரோவுக்குள் போய்விட்டது. அவளும் சொல்வதை விட்டுவிட்டாள். வேலை முடித்து வந்து, எல்லாரோடும் சேர்ந்து அரைமணி நேரம் ஒரு படத்தைக் கண்ணாரப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அது என்ன மலையைப் புரட்டுகிற ஆசையா? அதுகூட நடக்கவில்லை.

புருஷன் நில அளவைக்காரர். வீட்டிலும் வெளியிலும் அவருக்குச் சர்வேயர் என்றே பெயர். புது டிவி என்றதும் மனுஷருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. டேப்பை எடுத்து சோபாவிலிருந்து சுவருக்கு ஒன்பதடி மூன்றங்குலம் என்று அளந்தார். சுவரின் அகலத்தை அளந்தார். ஜன்னல் வெளிச்சம் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று சுவரில் பென்சிலால் குறித்தார். அவர் அளந்து முடிக்கும்வரை டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? ஊசியக்காதான்.

ஒரு வாரமாக வீட்டில் எல்சிடி திரையா ஓலெட் திரையா என்று ஒரே ரகளை. கல்லூரிக்குப் போகிற பெரியவள், ஓலெட்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். "அதுல கறுப்புன்னா நிஜக் கறுப்பு தெரியுமா? எல்சிடியில கறுப்பெல்லாம் சாம்பல்தான்." மாமனார் எல்சிடி கட்சி. ஓலெட்டில் ஒரே சேனலை நாள்பூரா வைத்திருந்தால் மூலையிலுள்ள அந்தச் சேனலின் அடையாளம் திரையிலேயே தங்கிவிடுமாம் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். அவரோ விடிந்தால் செய்தி, அடைந்தால் செய்தி. "நான் பாக்குற பார்வைக்கு அது தாங்காதும்மா" என்றார். சின்னவளுக்கு எதுவானாலும் சரி, சீக்கிரம் வந்தால் போதும். ஊசியக்காவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "எதையாவது வாங்குங்க, நான் படுக்கணும்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து பேரும் கடைக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க டிவி. அத்தனையிலும் ஒரே சிவப்புப் பூ, ஒரே நேரத்தில் மலர்ந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க ஊசியக்காவுக்குத் தலை சுற்றியது. அங்கே விற்பனைக்கு நின்றவள் நாற்பது வயதுப் பெண். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நின்றாள். கால் கடுக்க நிற்கிறவளை இன்னொருத்தி கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? ஊசியக்காவுக்கு அவளைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

விற்பனைக்காரி இரண்டு டிவியை அக்கம்பக்கமாக ஓடவிட்டு விளக்கினாள். எல்சிடியில் பின்னால் ஒரு விளக்கு எரிகிறது, அதனால் பட்டப்பகல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும், விலையும் குறைவு. ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும், அதனால் கறுப்பு சுத்தக் கறுப்பு, ஆனால் வெயில் விழுகிற கூடத்தில் கொஞ்சம் மங்கல். அடையாளம் தங்குகிற விஷயமும் உண்மைதான், ஒரே சேனலை வருஷக்கணக்காக வைத்தால் வரலாம். மாமனார் பேத்தியைப் பார்த்து, சொன்னேனா இல்லையா என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

"சரி, வீட்ல எப்படி உட்கார்ந்து பார்ப்பீங்களோ, அப்படியே உட்காருங்க. அப்பத்தான் எது சரிவரும்னு சொல்ல முடியும்" என்றாள் விற்பனைக்காரி.

கடையில் ஒரு சோபா கிடந்தது. சர்வேயர் நடுவில் உட்கார்ந்தார். மகள்கள் இரண்டு பக்கமும். மாமனார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஊசியக்கா யோசிக்கவேயில்லை. கால்கள் பாட்டுக்கு அவளை டிவிக்குப் பக்கவாட்டில் இருந்த தூணுக்குக் கொண்டுபோய் நிறுத்தின. தோளைத் தூணில் சாய்த்து நின்றுகொண்டாள்.

"அக்கா, நீங்க?"

"நான் இங்கதான்."

"இல்லக்கா, வீட்ல எங்க உட்காருவீங்கன்னு கேட்டேன்."

ஊசியக்கா மனசுக்குள் தேடினாள். எங்கே உட்காருவேன்? கட்டிலில். பேருந்தில், இடம் கிடைத்தால். கூடத்தில்? யோசித்து யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் தட்டுப்படவில்லை.

"அம்மா உட்கார மாட்டாங்க. கிச்சன் வாசல்ல நிப்பாங்க" என்றாள் சின்னவள், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

விற்பனைக்காரி வந்து அவள் பக்கத்தில், தூணோடு தூணாக நின்றுகொண்டாள். "பாருங்கக்கா. இது ஓலெட். இங்கேருந்தும் அதே நிறம்தானா? இப்ப அதைப் பாருங்க."

எல்சிடியில் அந்தச் சிவப்புப் பூ சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. பதினொரு வருஷமாக அவளுக்கு நன்றாகத் தெரிந்த சாம்பல்.

"உங்க பழைய டிவி எல்சிடிதானேக்கா? இந்த வகையில பக்கத்துலேருந்து பார்த்தா வெளிறித்தான் தெரியும். நேரா பாக்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப என் கண்ணு கெட்டுப்போகலையா?"

"கண்ணுக்கு என்னக்கா? நல்லாத்தான் இருக்கு."

ஊசியக்கா வேறுபக்கம் திரும்பி, கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தாள்.

சர்வேயர் சோபாவில் இருந்தபடியே தொடையில் ஒரு தட்டு தட்டினார். "கோணம்! சரியா சொன்னீங்க. நான் தூரத்தை அளந்தேன், கோணத்தை அளக்காம விட்டுட்டேன் பாருங்க." தப்பை ஒப்புக்கொள்வதில் அவருக்குக் கஞ்சத்தனம் கிடையாது. மனசும் நல்ல மனசுதான். "சரி, விலை போனா போகுது. ஓலெட்டே எடுத்துடலாம். பாவம், இவ்வளவு நாள் கஷ்டப்பட்டுட்டா. இனிமே அடுப்படியில நின்னுக்கிட்டே ஜோரா பாக்கலாம்."

பெரியவள் கை தட்டினாள். மாமனார்கூட இறங்கிவந்தார். "மருமகளுக்காகன்னா நான் செய்தியைக் குறைச்சுக்கறேம்ப்பா." எல்லாரும் திரும்பி அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் முகம் மலர வேண்டும், அதுதான் பாக்கி.

"எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்டாள் ஊசியக்கா.

"பத்து வருஷம் தாராளமா வரும்க்கா."

அவளுக்கு இப்போது நாற்பத்தாறு. பத்து வருஷம். அந்த வாசல் நிலையில் தோள் பட்டுப்பட்டு வண்ணம் உரிந்த இடம் இருக்கிறதே, அங்கேயே இன்னும் பத்து வருஷம், பளபளவென்ற நிறத்தில். கோபம் என்று சொல்ல முடியாது. கோபப்படவும் காலில் வலு வேண்டும். பிரியமாகத்தான் செய்கிறார்கள், அதுதான் கொடுமை. அன்பாகக் காசு கொடுத்து அவளை அந்த வாசலிலேயே நிறுத்தப் பார்க்கிறார்கள், அது யாருக்கும் தெரியவும் இல்லை.

"வேண்டாம். எல்சிடியே எடுங்க" என்றாள்.

"ஏய், உனக்காகத்தானே சொல்றேன்? அங்கேருந்து வெளிறித் தெரியுமே?"

"அங்க நின்னாத்தானே தெரியும்?" ஊசியக்கா தூணைவிட்டு நகர்ந்து சோபாவுக்கு எதிரே வந்தாள். குரல் உயரவில்லை. "நம்ம கூடத்து வெளிச்சத்துக்கு அதுதான் சரி. மாமாவோட செய்திக்கும் அதுதான் சரி. நேரா உட்கார்ந்து பார்த்தா நல்லாத்தான் இருக்குன்னு நீங்களே பதினோரு வருஷமா சொல்றீங்க. நானும் நேரா உட்கார்ந்தே பாத்துக்கறேன். கொஞ்சம் எழுந்திரிங்க."

சர்வேயர் எழுந்தார். எழுந்த பிறகுதான் ஏன் எழுந்தோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஊசியக்கா இரண்டு மகள்களுக்கும் நடுவே உட்கார்ந்தாள். சிவப்புப் பூ சிவப்பாகவே இருந்தது. பாதத்திலிருந்து முழங்கால்வரை எறும்பு ஓடுவதுபோல ரத்தம் ஏறியது.

"அப்ப அடுப்படி?" என்றார் மாமனார், நிஜமாகவே குழம்பிப்போய்.

"அதை உங்க புள்ளையே அளந்து சொல்லட்டும் மாமா."

புதன்கிழமை டிவி வந்தது. சாயங்காலமே சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். ஏழு மணிக்குப் படம் போட்டார்கள். பெரியவள் கறுப்பு கறுப்பாக இல்லை என்று இரண்டு தடவை முனகிவிட்டு, பிறகு படத்தில் ஆழ்ந்துவிட்டாள். நடுவில் ஊசியக்கா. சர்வேயர் சோபாவின் கைப்பிடியில் பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும் இருந்தார். கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருஷத்து ஆசை! பத்தாவது நிமிஷம் ஊசியக்காவின் தலை பெரியவள் தோளில் சரிந்தது. காலை நாலரைக்கு எழுந்த உடம்பு, வேறென்ன செய்யும்?

அடுப்பில் வைத்த பால் பொங்குகிற சத்தம் கேட்டது. தூக்கத்திலும் அவள் உடம்பு எழப் பார்த்தது.

"இரு, நான் பாக்கறேன்" என்று சர்வேயர் ஓடினார்.

உள்ளே ஏதோ உருண்டது. ஆ என்று ஒரு சத்தம், கையைச் சுட்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, பால் துடைத்த துணியும் கையுமாகச் சமையலறை வாசலுக்கு வந்தார். உள்ளே இன்னும் துடைக்க இருந்தது, படத்தையும் விட மனசில்லை. தோளை நிலையில் சாய்த்து நின்றார், வண்ணம் உரிந்த அதே இடத்தில். கண்ணைச் சுருக்கினார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"என்னது, படம் இப்படி வெளிறிப்போய்த் தெரியுது?"

"நல்லாத்தானே இருக்கு" என்றார் மாமனார், திரும்பாமலே.

துணியிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. சர்வேயர் டிவியை விட்டுவிட்டு, சோபாவில் சரிந்து கிடந்த மனைவியைப் பார்த்தார்.

ஊசியக்கா கண்ணைத் திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது, பாதித் தூக்கத்தில்.

"பீரோவுல என் கண்ணாடி இருக்கு. வேணும்னா எடுத்துப் போட்டுக்குங்க."