ஐந்தாவது ஃபிரேமில் தூங்கியவள்

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. தாராவி பேராச்சிக்கு வயது பத்தொன்பது. ஸ்னூக்கர் ஆடுகிறவள். போன மாதம் இங்கிலாந்தில் ஒரு போட்டியில், ஆட்டத்துக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாள். அந்த வீடியோவைப் பார்த்து நீங்களும் சிரித்திருக்கலாம். நான் சிரிக்கவில்லை, காரணம் ஐந்தாம் பகுதியில் வரும், அதுவரை தைரியம் இருந்தால்.

‘வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடு, இல்லாவிட்டால் செப்டம்பர் போட்டியில் உன் பெயர் கிடையாது’ என்று அவளை அனுப்பிய சங்கம் சொல்லிவிட்டது. இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். நான் மும்பை மாட்டுங்காக்காரி. இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் கடிதம் எழுதியே ரிட்டயர் ஆனவள். மன்னிப்பெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எழுத உட்கார்ந்தால், கடிதம் வரவில்லை, கதை வந்தது. அதுவும் தமிழில்.

2

முதல் தொடக்கம்: ‘தாராவியின் குறுகிய சந்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்த ஏழைச் சிறுமியின் கண்களில்’

(இத்தோடு நின்றது. பேராச்சிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் நானே வாசித்துக் காட்டினேன். “சிறுமியா? ஆன்ட்டி, நான் ஓட்டுப் போட்டாச்சு. வீட்டுல ஏசி வேற இருக்கு” என்றாள்.)

இரண்டாவது: ‘விமானம் இறங்கியது. அவள் உடல் வந்து சேர்ந்துவிட்டது, உயிர் இன்னும்’

(“உசுரு எங்க போச்சு, லக்கேஜ்லயா?”)

சரி, அலங்காரம் வேண்டாம். நான் பேப்பர் படிக்கப் போகும் கிளப்பில் ஒரு ஸ்னூக்கர் மேசை உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெம்பர்கள் சாய்வு நாற்காலிகளில் குறட்டை விடும் நேரத்தில் அவள் அங்கே பயிற்சி செய்வாள்.* எங்கள் பழக்கம் அப்படி வந்தது.

* அவர்களிடம் இதுவரை யாரும் கடிதம் கேட்டதில்லை.

3

நடந்தது இதுதான். சங்கம் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் இறங்கினாள். மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு ஆட்டம். முதலில் நாலு ஃபிரேம், அதாவது நாலு சுற்று, ஜெயிப்பவருக்கு வெற்றி.

இரண்டாவது ஃபிரேமில் அவள் சட்டைக் கை ஒரு பந்தில் உரசியது. நடுவர் பார்க்கவில்லை, எதிராளி பார்க்கவில்லை, கேமராகூடப் பார்க்கவில்லை. பேராச்சி தானே கையைத் தூக்கி ‘ஃபவுல்’ என்றாள். அந்த ஃபிரேம் போயிற்று. ஸ்னூக்கரில் அதுதான் மரியாதை: தன் தப்பைத் தானே சொல்ல வேண்டும். இந்தக் காட்சியை யாரும் வீடியோவாகப் பரப்பவில்லை.

இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஃபிரேமில் எதிராளி வரிசையாகப் பந்துகளைக் குழியில் தள்ளிக்கொண்டே போனாள். ஒருத்தி ஆடும்வரை மற்றவள் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். மணி ஒன்றரை. பேராச்சியின் தலை சரிந்தது. நடுவர் தோளைத் தொட்டு எழுப்பினார். அந்த ஃபிரேமும் போயிற்று, அடுத்ததும் போயிற்று.

4

‘எனது ஒழுங்கற்ற செயலுக்கு மனமார வருந்துகிறேன்’ என்ற பொருளில் இங்கிலீஷில் எழுதி வாசித்தேன்.

“மாஃபி எதுக்கு ஆன்ட்டி? நான் ஃபவுல் பண்ணுனா நானே சொல்லுவேன். நாற்காலியில தூங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா? காட்டச் சொல்லுங்க.”

“ஏன்டி, ஒரு வரி வருத்தம்னு போட்டா நீ என்ன கொறைஞ்சா போயிடுவே? செப்டம்பர் முக்கியமில்லையா?”

“அதுக்குத்தான் சொல்லுதேன். இப்ப மாஃபி கேட்டா, செப்டம்பர்லயும் முந்தின நாள் சாயங்காலம்தான் கொண்டு எறக்குவாவ. அங்க ஆட வந்த செம்பூர் ஷ்ரவண் அவங்க அப்பா செலவுல பத்து நாள் முன்னாடியே போனான். அவன் தூங்கல. நான் தூங்குனேன். இதுல நான் எங்க தப்பு பண்ணுனேன்?”

எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை.

5

(இந்தப் பகுதியை மூன்று முறை எழுதி அடித்தேன். ஒரு பிரதியில் ‘யாரோ ஒரு உறவினர்’ என்று எழுதியிருந்தேன். வெட்கக்கேடு.)

அந்த ‘யாரோ’ நான்தான். ‘இங்கிலாந்து நமக்கு நாலரை மணி நேரம் பின்னாடி. அதனால நாலரை மணி நேரம் முன்னாடியே படுத்து முன்னாடியே எழுந்து பழகிக்கோ’ என்று அவளுக்குச் சொன்னது நான். என் மகன் கண்ணா லண்டனில் இருக்கிறான், எனக்குத் தெரியாதா என்ற மிதப்பு. அந்தக் கண்ணாவைப் பதினோரு வருஷமாக நடுத்தூக்கத்தில் போன் போட்டு எழுப்புகிறவள் நான். கணக்கு நேர் தலைகீழ்: பிந்திப் படுத்துப் பிந்தி எழுந்திருக்க வேண்டும். பத்தரைக்குப் படுக்கிறவள் என்னை நம்பி, இரண்டு வாரம் சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்தாள். இங்கே ஆறு என்றால் அங்கே ஒன்றரை. அவள் உடம்பு நான் சொன்னதைச் சொன்னபடி செய்தது.

6

கடைசியில் அவளிடம் சொன்னேன். “நான்தான்டி தப்பு பண்ணேன். கடுதாசில அதைப் போட்டுடறேன். உன்மேல பழி வராது.”

“தெரியும் ஆன்ட்டி. திரும்பி வரும்போது பிளேன்ல பக்கத்து சீட்டு அம்மா கணக்கப் போட்டுக் காமிச்சாவ.”

“ஏன் சொல்லலே?”

“ஃபவுல் உங்களது. நீங்கதான சொல்லணும்? எப்ப சொல்லுவீயன்னு பாத்துட்டு இருந்தேன்.”

எனக்கு அழுகை வந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

“லெட்டர்ல வேண்டாம். யாரோ ஆன்ட்டி சொன்னதக் கேட்டு ஆடுத புள்ளன்னு நெனைப்பாவ. வெவரம் தெரிஞ்ச ஒரு ஆள சங்கம்லா வச்சிருக்கணும்? உங்க தப்ப உங்க கதையில எழுதிக்கோங்க.”

எழுதிவிட்டேன். கடிதத்தில் அவள் சொன்ன மூன்று வரிதான் போயிற்று: ‘நான் தூங்கியது உண்மை. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். செப்டம்பரில் ஐந்து நாள் முன்னதாக அனுப்புங்கள்.’

7

முடிவு அ: சங்கம் மனம் மாறுகிறது, அவள் கோப்பையோடு வருகிறாள். (சினிமா.)

முடிவு ஆ: பெயரை அடித்துவிடுகிறார்கள், அவள் தனியாக ஆடிக்கொண்டே இருக்கிறாள். (நான் அழுது முடிக்க வசதியான முடிவு. வேண்டாம்.)

இன்று வரை பதில் வரவில்லை. வராத பதிலை நான் கற்பனை செய்து எழுத மாட்டேன். இந்தப் பெண் விஷயத்தில் நான் ஒரு முறை கற்பனையாகக் கணக்குப் போட்டது போதும். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதலாமா என்று பேராச்சியிடமே கேட்டேன். சாக்பீஸைக் குச்சி நுனியில் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“தோக்கடிக்கணும்னா தோக்கடிக்கட்டும் ஆன்ட்டி. நான் முழிச்சிருக்கும்போது தோக்கடிக்கச் சொல்லுங்க.”