பார்லோன் எங்கே பிரியும்?

"அம்மா, ஒரு சொல்லுல எத்தனை துண்டு இருக்கும்?" என்று இரண்டாம் வகுப்பு மகள் ஒருநாள் கேட்டாள். கைதட்டி எண்ணிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள் அம்மா. அந்தப் பழக்கம் அம்மாவின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கச் சேர்ந்து அவளுக்கு இரண்டு மாதம். மூன்றாவது மாதமும் ஒழுங்காகப் போனால்தான் வேலை நிரந்தரம். பிரெஞ்சுப் பாடநூல் ஒன்று வந்தது. வினைச்சொல்லில் வேர் கறுப்பிலும் விகுதி சிவப்பிலும் வர வேண்டும். அந்த மொழியில் 'பேசுகிறோம்' என்பதற்கு 'பார்லோன்'. அவள் மேசைக்கடியில் கைதட்டி, 'பார்' கறுப்பு, 'லோன்' சிவப்பு என்று நாற்பது பக்கத்தையும் முடித்துவிட்டாள்.

பக்கத்து மேசை மெய்ப்புத் திருத்துநரை எல்லாரும் 'புள்ளி' என்பார்கள். ஒரு புள்ளியைக்கூட விடமாட்டான்.

"அக்கா, எதை வச்சு இப்படிப் பிரிச்சீங்க?"

"கைதட்டித்தான் தம்பி."

"தட்டினா ஓசைதான் பிரியும். நம்ம 'பேசினோம்'ல 'ஓம்' எங்க இருக்கு?"

"'னோம்'ங்கறதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு."

"இதுலயும் 'லோன்'ங்கறதுக்குள்ளதான் 'ஓன்' இருக்கு. 'ல்' வேரோட சேரணும். நீங்க வேர்ல பாதியைப் பிடுங்கிட்டு வந்துட்டீங்க."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணிக்குள் எல்லாம் அச்சு இயந்திரத்துக்குப் போக வேண்டும். அதற்குள் மேலாளர் வந்து நின்றார்.

"இன்னுமா முடியல?"

"என்னாலதான் சார் தாமதம்," என்றான் புள்ளி. "மெய்ப்பு மிச்சமிருக்கு."

"ஆமைகூட உன்னைத் தாண்டிப் போயிடும். இன்னொரு தடவை பிசகினா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

கடவுள் அந்தப் பொய்யைக் கேட்டும் கேளாதவர்போல இருந்திருப்பார். இருவரும் ஆளுக்கு இருபது பக்கமாகப் பிரித்துக்கொண்டார்கள். நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் வேலை முடிந்தது. "இப்ப கைதட்டலாம்க்கா," என்றான். அவள் சிரித்துவிட்டாள்.

அடுத்த மாதம் அவளுக்கு வேலை நிரந்தரமானது. அதே வாரம் புள்ளிக்கு மகள் பிறந்தாள். பாடநூலின் இரண்டாம் பாகத்தைச் சரிபார்த்ததாக அவசரமாகக் கையெழுத்திட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினான்.

மதியம் பக்கங்களை அனுப்பப் போனவளின் கை நின்றது. ஓர் அட்டவணையில் 'நீங்கள்' வரிசை இரண்டு முறை வந்திருந்தது. 'அவர்கள்' வரிசையையே காணோம். கீழே புள்ளியின் கையெழுத்து; மேலாளருக்குத் தெரிந்தால் அவன் வேலை போய்விடும். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நூலாசிரியரின் கையெழுத்துப் பிரதியைத் தேடியெடுத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுச் சரிசெய்து, பக்கத்தை இயந்திரத்துக்கு அனுப்பினாள். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கைகழுவப் போனாள்.