பெரட்டில் ஒரு குரல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, கணக்கெழுதும் கிராணி பெயர் படிப்பார். "இருக்கேங்க" என்று குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை. குரல் கேட்கிறவரைதான் லயத்தில் வீடு. வேறு சட்டம் எனக்குத் தெரியாது. சட்டம் பேசுகிறவனை நான் நம்புவதும் இல்லை.

எண்பதாம் வருஷத்துக்குப் பிறகு இறக்குமதி வரியைக் குறைத்தார்களாம், வெளிநாட்டுத் தேத்தூள் மலிவாக வந்து இறங்கியது. எங்கள் ஆலையில் பாதி இயந்திரம் நின்றது. இளவட்டங்கள் டவுனுக்கு இறங்கிப் போனார்கள். ஆள் பிடித்துக் கொடுக்கிற கொந்தராத்துக்காரன் லோரியில் புது ஆட்களை இறக்கினான். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. கையில் ஒரு காகிதமும் கிடையாது.

ஒருநாள் பனிமூட்டத்தில் கிராணி சாம்பசிவம், "மணியம்மா" என்று படித்தார். என் பெண்டாட்டி. புதைத்து இரண்டு வருஷம்.

"இருக்கேங்க" என்றது ஒரு பெண் குரல்.

பனிக்குள்ளிருந்து கூடையோடு வெளியே வந்தவளுக்கு வேறு முகம். ஆனால் இடுப்பில் சாக்கை மணியம்மா மாதிரியே இடப்பக்கம் முடிந்திருந்தாள்.

"செத்தவள எதுக்கு ஐயா கூப்பிடுறீங்க?"

"ஆளுதான் செத்துச்சு தங்கையா, பேரு சாகல. வந்தவங்களுக்குப் பேரு இல்ல, நம்மகிட்ட மிச்சம் கிடக்கு. பழைய கூலி குடுத்தா வெளியூருத் தூளோட போட்டி போட்டு நிக்க முடியாதுன்னு துரையே சொல்லிட்டாரு லா."

"அப்ப என் பேரையும் குடுப்பீங்களோ?"

"நீ இன்னும் சாகலியே, அவசரப்படாத" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்த மாதம் நெஞ்சுச் சளி. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தேன். ஐந்தாம் நாள் விடிகாலை காய்கறி லோரி ஒன்றில் தொற்றி வந்து, நேராகப் பெரட்டுக்குப் போனேன்.

"தங்கையா."

நான் வாய் திறக்குமுன் பின்னால் ஒருவன் இருமினான். நான் இருமுகிற மாதிரியே, இரண்டு தரம். பிறகு, "இருக்கேங்க."

"ஐயா, நான்தான் தங்கையா. இந்தா நிக்கிறேன்."

கிராணி தலை நிமிரவில்லை. "ஒரு பேருக்கு ஒரு ஆளு. பதில் வந்திருச்சு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நாற்பது வருஷம் பழகியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

பொழுது சாயும்வரை கோயிலடியில் கிடந்துவிட்டு லயத்துக்குப் போனேன். என் வீட்டுக் கூரையில் புகை. கதவைத் தட்டவில்லை. கிராணி படிக்கிற மாதிரி, "தங்கையா" என்றேன்.

உள்ளே இரண்டு தரம் இருமல்.

"இருக்கேங்க."