முகமூடியைக் கழற்றிய பருந்து

என் கணவருக்கு என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே ஒரு பந்தம் இருந்தது. அவன் பெயர் சாம்பல் பருந்து. பகலில் உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளைத் துடைப்பான். இருட்டியதும் முகமூடி மாட்டிக்கொண்டு அதே கட்டடங்களிலிருந்து குதித்து ஊரைக் காப்பாற்றுவான். மூன்று படங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் எத்தனை தடவை பார்த்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பேருந்து ஓட்டுகிற மனிதர், வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளும் தம்பியோடும் ரசிகர் சங்கத்து ஆட்களோடும் உட்கார்ந்து, நான்காவது படம் வருமா வராதா என்று பேசியே தொண்டையைக் கெடுத்துக்கொள்வார்.

நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. "வா, ஒரே ஒரு தடவை பாரு" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம், "பறக்கிறவனைப் பாக்க எனக்கு ஏது நேரம்? ஊறவெச்ச துணி கிடக்கு" என்று சொல்லிவிடுவேன். ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரிப் பகுதிக்கு நான் மேற்பார்வை. நாள் முழுக்க படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், நானே ஒரு விரிப்பு மாதிரி விழுந்துகிடப்பேன். இதில் பருந்து எங்கே, காக்கா எங்கே.

போன வருடம் அவர் போய்விட்டார். வயிற்றில் கட்டி. அது அவருக்குத் தெரிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. என்னிடம் மூச்சு விடவில்லை. தனியாகவே டாக்டரிடம் போய் வந்திருக்கிறார். மாத்திரைகளைப் பணிமனையில் தன் அலமாரியில் வைத்துப் போட்டிருக்கிறார். கேட்டால் "வாயுத் தொல்லை, வேற ஒண்ணுமில்ல" என்பார். அதை வைத்து ஒரு ஜோக்கும் அடிப்பார், நானும் கையில் இருந்த துணியால் அவரை அடித்துவிட்டுச் சிரிப்பேன். ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் புதுசு. அதற்குப் பிறகு அவர் வீடு திரும்பவில்லை.

எனக்கு அவர் போனதைவிட, சொல்லாமல் போனதுதான் ஆறவில்லை. ஆறவில்லை என்பதெல்லாம் கௌரவமான வார்த்தை. கோபம். பற்றிக்கொண்டு வந்தது. அவர் போட்டோ முன்னால் நின்று "ஏன் சொல்லலை? என்னை என்னன்னு நெனச்சீங்க?" என்று தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து சண்டையில் பதில் சொல்லாமல் விட்டதே இல்லை அந்த மனுஷன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் கொழுந்தன் வந்து நின்றான். லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ்கூடப் போகவில்லை, வேலையிலிருந்து நேரே ஓடி வந்திருக்கிறான்.

"அண்ணி, பருந்து மறுபடி வருது. பழசையெல்லாம் அழிச்சிட்டு முதல்லேருந்து எடுக்கிறாங்க. புது ஆளு, புதுக் கதை. இது ஓடுச்சுன்னா வரிசையா அஞ்சு படமாம்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

அவன் தரையைப் பார்த்தான். "சங்கத்துல ஒரு வழக்கம் இருக்கு. நம்ம ஆளு யாராவது இல்லாமப் போயிட்டா, முதல் காட்சியில அவங்களுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து, அவங்க துண்டை சீட்டு மேல விரிச்சு, காலியா விட்டுருவோம். அண்ணன் துண்டு வேணும் அண்ணி."

அந்தத் துண்டு எனக்குத் தெரியாததா? முதல் காட்சிக்குப் போகும்போது ஆளுக்கொரு சாம்பல் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள். இவர் வாங்கியது கறுப்பு. நான் துவைத்துத் துவைத்துச் சாம்பலாகிவிட்டது. சங்கத்திலேயே அசல் சாம்பல் தன்னுடையதுதான் என்று அதற்கும் ஒரு பெருமை பீற்றிக்கொள்வார்.

"துண்டு எதுக்கு உட்காரணும்?" என்றேன். "நான் உட்கார்றேன்."

எனக்கே ஆச்சரியம்தான். ஆனால் சொன்ன பிறகு அதுதான் சரி என்று பட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன், அந்தப் பருந்தைப் பற்றி நாள் கணக்கில் பேசியிருக்கிறார். அவனிடம் அப்படி என்ன கண்டார் என்று தெரிந்தால், இவரும் எனக்குப் பிடிபடுவார். ஏன் சொல்லாமல் போனார் என்பதும் எங்கேயாவது அகப்படும். சிரிக்காதீர்கள், அப்படித்தான் நம்பினேன்.

"அதுக்கு முன்னாடி பழைய படம் ஒண்ணைப் போட்டுக் காட்டு தம்பி, எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றேன்.

ஷாக் அடித்த மாதிரி பின்வாங்கினான். "ஐயோ வேண்டாம் அண்ணி! பருந்தை முதல்முதலா டி.வி.யிலயா பாப்பாங்க? அண்ணன் இருந்தா என்னை உரிச்சிருவாரு. பெரிய திரையிலதான் பாக்கணும். உங்களை மாதிரி புதுசா வர்றவங்களுக்காகத்தான் முதல்லேருந்தே எடுக்கிறாங்க. கொஞ்சம் பொறுங்க."

வேறு யாராக இருந்தாலும் கேட்டவுடன் போட்டுக் காட்டியிருப்பார்கள். இவன் ரசிகன். சாமி கும்பிடுகிற மாதிரி அதற்கு ஒரு முறை, ஒரு மரியாதை. நானும் பொறுத்தேன்.

படம் வந்த அன்று காலைக் காட்சிக்குப் போனோம். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். ஊரார் பல்லையெல்லாம் அசராமல் பிடுங்குகிறவர், தியேட்டர் வாசலில் சின்னக் குழந்தை மாதிரி குதித்துக்கொண்டிருந்தார். என் கழுத்தில் இருந்த துண்டைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "வாங்கம்மா, வாங்க. அவரே வந்த மாதிரி இருக்கு" என்றார். வரிசையின் ஓரத்து இருக்கை அவருடையது. பேருந்து ஓட்டி ஓட்டி முழங்கால் மரத்துப்போகும், நீட்டிக்கொள்ள வசதி என்று எப்போதும் ஓரமாகத்தான் உட்காருவாராம். உட்கார்ந்தேன். விளக்கு அணைந்ததும் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

முதலில் ஒரே சண்டை, புகை, கட்டடம் இடிகிற சத்தம். யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இதற்கா இந்தப் பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் காட்சி வந்தது. பருந்து அடிபட்டு வீட்டுக்கு வருகிறான். சமையலறையில் அவன் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவன் வாசலிலேயே நிற்கிறான். பிறகு தன் கையாலேயே முகமூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "எனக்குப் பயமா இருக்கு" என்கிறான். "உடம்பெல்லாம் நடுங்குது. கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காரு."

அவள் அழவில்லை. கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எங்கே வலிக்குது, காட்டு" என்றாள்.

நான் உடைந்துவிட்டேன். துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். எங்கே வலிக்குது, காட்டு. கட்டின மனுஷனிடம் இதைக் கேட்க எனக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கப்படவில்லை. ஆனால் அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. ஓகோ, இதுதானா நீங்கள் இந்தப் பருந்திடம் கண்டது? உங்களுக்கும் இப்படி வந்து சொல்ல வேண்டும் என்று ஆசை இருந்திருக்கிறது, வாய் வரவில்லை, அவ்வளவுதானே? அந்த ஓரத்து இருக்கையில் அவரை அன்றைக்கு மன்னித்தே விட்டேன்.

பிறகுதான் சுற்றியிருந்த சத்தம் காதில் விழுந்தது. "முகமூடியை மாட்டுடா!" என்று பின்னால் ஒருவன் கத்தினான். விசில், கூச்சல். திரையைப் பார்த்து யாரோ பாப்கார்னை விசிறியடித்தார்கள். பல் டாக்டர் தலையில் கை வைத்துக் குனிந்திருந்தார். கொழுந்தன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

படம் முடிந்து, வண்டி நிறுத்துமிடத்தில் வட்டமாக நின்றார்கள். சாவு வீட்டில்கூட யாராவது காபி கேட்பார்கள். இங்கே அதுவும் இல்லை.

"பொண்டாட்டி முன்னாடி அழறானே, இவனா பருந்து?" என்றார் டாக்டர். "இத்தனை வருஷம் காத்திருந்து இதையா பாக்கணும்?"

"அஞ்சு படம் எடுக்கறானுங்களாம் அஞ்சு படம்! அடுத்ததுல சமையல் பண்ணுவான்" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "எனக்குப் பிடிச்சிருந்துது. அந்தச் சமையலறைக் காட்சி ரொம்பப் பிடிச்சிருந்துது" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கும் கோபம் இல்லை. பரிதாபம்தான். விஷயம் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவளைப் பார்க்கிற பார்வை. கொழுந்தன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "அதுதான் அண்ணி இருக்கிறதுலயே மோசம். பருந்து யார்கிட்டயும் முகமூடியைக் கழட்டவே மாட்டான். அண்ணன் மட்டும் இருந்திருந்தா, அந்த இடத்துலயே எழுந்து வெளிய போயிருப்பாரு."

ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைத்தேனோ, அந்த இடத்தில் அவர் எழுந்து போயிருப்பார். காலி இருக்கையில் துண்டையே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

படம் ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. ரசிகர்கள் சும்மா விடவில்லை. பழைய பருந்தைத் திருப்பிக் கொடு என்று இணையத்தில் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். கொழுந்தன் எனக்கும் அனுப்பியிருந்தான். இஸ்திரி இயந்திரத்தின் ஆவியில் நின்றுகொண்டிருந்தேன், போன் செய்தான்.

"நீங்களும் ஒண்ணு போடுங்க அண்ணி. அண்ணன் பேருல நானே ஒண்ணு போட்டுட்டேன்."

"செத்த மனுஷன் பேருலயா?"

"அவரு இருந்தா முதல் கையெழுத்தே அவரோடதுதானே அண்ணி."

போனை வைத்துவிட்டேன். கவனம் தப்பி ஒரு விரிப்பை மடிப்போடு உருளையில் விட்டு, அது தீய்ந்து வந்தது. இத்தனை வருட வேலையில் அப்படி ஆனதில்லை.

கடைசியில் ரசிகர்கள்தான் ஜெயித்தார்கள். அடுத்த நான்கு படங்களையும் கைகழுவிவிட்டதாகத் தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. நடந்ததை எல்லோரும் மறந்துவிட வேண்டுமாம். இன்னொரு புது ஆளை வைத்து, மறுபடி முதலிலிருந்து, பழைய பாணியில், முகமூடியோடு எடுப்பார்களாம். சங்கத்தில் கேக் வெட்டினார்கள். நான் அந்தச் சமையலறைப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவனுக்கு அந்தக் காயம் ஆறியதா, அவள் அப்புறம் என்ன செய்தாள் என்று இனி யாரும் எடுக்கப்போவதில்லை. சினிமாக்காரிக்கு அழுகிறாயா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தனை வரச்சொன்னேன். "பழைய படத்தைப் போடு" என்றேன். இந்த முறை அவன் மறுக்கவில்லை. தான் செய்த தப்பு அவனுக்கும் புரிந்திருந்தது. "இதைத்தான் முதல்ல காட்டியிருக்கணும். என் புத்தியை என்ன சொல்ல" என்று முணுமுணுத்தபடி ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டான்.

நல்ல படம்தான், பொய் சொல்லக் கூடாது. சண்டைகூட யார் யாரோடு போடுகிறார்கள் என்று புரிந்தது. கொழுந்தன் ஒவ்வொரு வசனத்தையும் ஒரு நொடி முந்தி வாயசைத்துக்கொண்டிருந்தான். முடிகிற நேரத்தில் பருந்து விலாவில் குத்துப்பட்டு வீட்டுக்கு வருகிறான். முகமூடியை வாசலில் ஒளித்துவிட்டு, கோட்டை இறுக்கி மூடிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் உட்காருகிறான். மனைவி பரிமாறுகிறாள். "ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்கிறாள். அவன் வலது முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, சிரிக்கிறான். ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறான். அவளும் சிரித்துவிடுகிறாள்.

அந்த முழங்கையை எனக்குத் தெரியும். அந்தத் தலைச் சாய்ப்பை எனக்குத் தெரியும். கடைசி மாதங்களில் என் எதிரில் தினமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். தட்டைத் தள்ளி வைத்த விதம்கூட அதேதான்.

"இந்த இடம் அண்ணி, இந்த இடம்!" என்று கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தியேட்டரே எழுந்து நிக்கும். கைதட்டு அடங்கவே அடங்காது."

"எதுக்குக் கைதட்டு?"

"எதுக்கா? அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாதே! அவ நிம்மதியாத் தூங்கணும்னு எல்லா வலியையும் தனக்குள்ளயே வெச்சுக்கிறான். அதான் அண்ணி பருந்து."

திரையில் அந்தப் பெண் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள். அவன் இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"உங்க அண்ணனும் தட்டினாரா?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அண்ணிக்கு ஒருவழியாகப் படம் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறான், பாவம். "என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? அவரு தட்டின பிறகுதான் மத்தவங்களே தட்டுவாங்க."

"அவளை எழுப்பு" என்றேன்.

"என்ன அண்ணி?"

"அந்தப் பொம்பளையை எழுப்புங்கடா! யாராவது எழுப்பி அவகிட்ட சொல்லுங்கடா!"

பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறேன். கொழுந்தன் பயந்துபோய் ரிமோட்டைத் தேடினான். அது கைதவறிக் கீழே விழுந்தது. படம் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.